பேசியவர்கள் பட்டியலை முதலில் அழியுங்கள்

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். ஏழாம் வகுப்பு, 42 பேர். தலைமையாசிரியர் கூப்பிடுகிறார் என்று பத்து நிமிடம் வெளியே போக வேண்டியிருந்தது. எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். கிளாஸ் லீடரிடம் சாக்பீஸைக் கொடுத்து, "பேசுறவங்க பேரை போர்டுல எழுதி வை" என்று சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வந்தால் போர்டில் ஏழு பெயர், அதில் ஒரு பெயருக்குப் பக்கத்தில் "மிக மிக அதிகம்" என்று எழுதி அடிக்கோடு வேறு போட்டிருந்தது. அந்தப் பெயரைச் சொல்லி, எழுந்து நில் என்று சத்தம் போட்டேன். வகுப்பே சிரித்தது. "டீச்சர், அவன் இன்னிக்கு லீவு."

அன்று காலையில் அவனுக்கு ஆப்சென்ட் போட்டதும் நான்தான்.

சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆனது, அந்த வகுப்பு என்னை மறுபடி நம்ப அரையாண்டுப் பரீட்சை வரைக்கும் ஆனது. லீடருக்கும் அவனுக்கும் முந்தின நாள் கிரிக்கெட்டில் ஏதோ தகராறாம், அதைப் போர்டில் தீர்த்துக்கொண்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, விசாரிக்காமல் தண்டிக்கத் தயாராக நின்றது நான். இந்த டீச்சரிடம் யார் வேண்டுமானாலும் யாரையும் மாட்டிவிடலாம் என்று மற்ற எல்லோரும் அன்றைக்குத் தெரிந்துகொண்டார்கள்.

இப்போது பதினாறு வருட சர்வீஸ் ஆகிவிட்டது, திருப்பூர் பக்கம் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளி, அறிவியல் எடுக்கிறேன். பி.எட். பயிற்சிக்கு எங்கள் பள்ளிக்கு வருகிறவர்களும் புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களும் முதலில் கேட்பது "கிளாஸை எப்படி கன்ட்ரோல் பண்றீங்க" என்றுதான். கன்ட்ரோலைப் பற்றி எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. தெரிந்தது இவ்வளவுதான்: ஒரு பிள்ளையிடம் நீங்கள் பேசும்போது மீதி நாற்பது பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், நாளைக்கு என் முறை வந்தால் இவர் என்னை எப்படி நடத்துவார் என்று அதை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். கீழே எழுதியிருப்பது எல்லாம் அந்த நாற்பது பேரை நினைத்து எழுதியது.

அதனால் முதல் வேலையாக அந்தப் பட்டியல் பழக்கத்தை விடுங்கள். வெளியே போகத்தான் வேண்டும் என்றால் ஏதாவது படம் வரையச் சொல்லிவிட்டுப் போங்கள், அதற்கு மேலும் பேசினால் பேசிவிட்டுப் போகட்டும், ஒரு பிள்ளையை மற்ற பிள்ளைகளுக்குப் போலீஸ் ஆக்குவதற்கு அந்தச் சத்தம் எவ்வளவோ மேல். லீடருக்குக் கொடுக்க வேறு வேலையா இல்லை? நோட்டு அடுக்கலாம், சாக்பீஸ் வாங்கி வரலாம், லீவு போட்டவனுக்கு என்ன நடத்தினோம் என்று சொல்லலாம். மாதம் ஒருவர் என்று மாற்றுங்கள். முதல் ரேங்க் எடுக்கிறவர்தான் லீடர் என்ற வழக்கத்தையும் அப்படியே தலைமுழுகிவிடுங்கள்.

பெயர் தெரிய வேண்டும்

ஜூனில் பள்ளி திறந்த முதல் வாரத்துக்குள் எல்லோர் பெயரும் தெரிந்திருக்க வேண்டும். இப்போது வருகைப்பதிவு போனில் ஆகிவிட்டதால் தலையைக் குனிந்தபடியே நாற்பது பேருக்கும் போட்டுவிட முடிகிறது, அங்கேதான் கோட்டை விடுகிறோம். பெயரைச் சொல்லுங்கள், நிமிர்ந்து முகத்தைப் பாருங்கள், அப்புறம் விரலை வையுங்கள். இதோடு நான் செய்வது இன்னொன்று: முதல் பத்து நாள் திருத்திய நோட்டுகளை லீடரிடம் கொடுக்காமல் நானே பெஞ்ச் பெஞ்சாகப் போய்க் கையில் கொடுப்பேன். கொடுக்கும்போது பெயரைச் சொல்வேன். தப்பாகச் சொன்னால் பிள்ளைகளே திருத்துவார்கள், அதில் அவர்களுக்கு ஒரு சந்தோஷம்.

ஒரே வகுப்பில் மூன்று மணிகண்டன் இருப்பான், அது நம் ஊர் வழக்கம். பிள்ளைகள் அவர்களைக் கருப்பு மணி, குண்டு மணி, நெட்டை மணி என்று பிரித்து வைத்திருப்பார்கள். நமக்கும் அது வசதியாகத்தான் இருக்கும், சட்டென்று வாயில் வந்துவிடும். வரவிடக் கூடாது. வாத்தியார் வாயிலிருந்து ஒரு தடவை வந்துவிட்டால் அந்தப் பட்டப்பெயருக்குக் கவர்மென்ட் முத்திரை விழுந்த மாதிரி, பத்தாம் வகுப்பு முடிகிற வரை அந்தப் பிள்ளை அதோடுதான் திரிய வேண்டும். மூன்று பேரையும் கூப்பிட்டு, உங்களை எப்படிக் கூப்பிடட்டும் என்று கேளுங்கள். ஒருவன் இன்ஷியலோடு கூப்பிடச் சொல்வான், ஒருவன் மணி போதும் என்பான், ஒருவன் யோசித்துச் சொல்வதாகப் போய், அடுத்த நாள் "மணிகண்டபிரபு" என்று தன் பெயருக்குத் தானே வால் வைத்துக்கொண்டு வருவான். சரி, அப்படியே கூப்பிடுங்கள்.

எங்கள் பக்கம் பனியன் கம்பெனி வேலைக்கு பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் நிறையப் படிக்கிறார்கள். பெயர் வாயில் நுழையவில்லை என்று அவர்களை "ஏ ஹிந்தி" என்று கூப்பிடுவதை ஆசிரியர்கள் அறையிலேயே கேட்டிருக்கிறேன். ஆறாம் வகுப்பில் சேர்ந்த ஒரு பெண் பிள்ளையின் பெயரைப் போர்டில் தமிழில் எழுதி, சரியா என்று கேட்டேன். தலையை ஆட்டி மறுத்தாள். அழித்து எழுதினேன், மறுபடியும் இல்லை என்றாள். நாலாவது தடவை நான் சொன்னது ஒருவழியாகச் சரியாக இருந்ததுபோல, லேசாகச் சிரித்தாள். வகுப்பு முழுக்க டீச்சர் ஒரு பெயருக்கு இவ்வளவு பாடுபடுவதை வேடிக்கை பார்த்தது. ஹிந்தி என்று கூப்பிடுவதை ரெண்டு மூன்று பேர் அதற்கப்புறமும் விடவில்லை. ஆனால் அவர்களைத் திருத்த நான் போக வேண்டியிருக்கவில்லை, பக்கத்து பெஞ்சிலேயே ஆள் இருந்தது.

டேய், கண்ணு, வாங்க கலெக்டர் சார்

கொங்குப் பக்கம் சின்னப் பிள்ளையைக்கூட "வாங்க கண்ணு, சாப்டீங்களா" என்றுதான் கேட்பார்கள். எங்களோடு வேலை பார்த்த திருநெல்வேலி சார் ஒருவர் "ஏலே, இங்க வாலே" என்பார், பசங்க அவர் மேல் உயிரையே வைத்திருந்தார்கள். அதனால் டா போடாதீர்கள், லே போடாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பெண் பிள்ளைகளை டீ போட்டுக் கூப்பிடுவதை மட்டும் எந்த ஊரிலும் என்னால் சரி என்று சொல்ல முடியவில்லை. மற்றபடி பார்க்க வேண்டியது, யாருக்கு எந்தச் சொல் என்பதுதான். முதல் பெஞ்சுக்குத் தம்பி, கடைசி பெஞ்சுக்கு டேய். ஊர்த் தலைவர் மகனுக்குக் கண்ணு, செங்கல் சூளைக்காரர் மகனுக்கு ஏய். நாம் கவனிக்காமலேயே இப்படிப் பிரித்து வைத்திருப்போம், பிள்ளைகள் முதல் நாளே கவனித்துவிடுவார்கள். ஒரு நாள் முழுக்க உங்கள் வாயையே நீங்கள் கேட்டுப் பாருங்கள். நான் கேட்டபோது எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

மரியாதைச் சொல்லையே அவமரியாதையாக வீசுகிற வித்தை நமக்குக் கைவந்த கலை. லேட்டாக வருகிற பையனைப் பார்த்து "வாங்க கலெக்டர் சார், இப்பத்தான் விடிஞ்சுதா?" வகுப்பு சிரிக்கும், நமக்கும் ஏதோ ஜோக் அடித்த திருப்தி. அவனுக்கு அன்றைக்கு நாம் நடத்துகிற ஒரு வரிகூட ஏறாது. லேட்டாக வருகிற பிள்ளையிடம் வாசலில் வைத்து ஏன் என்று கேட்காதீர்கள், தலையசைத்து உட்காரச் சொல்லுங்கள், இடைவேளையில் தனியாகக் கேட்டுக்கொள்ளலாம். எனக்குக் கிடைத்த பதில்களில் சில: தண்ணி லாரி வந்தது. தம்பியைப் பால்வாடியில் விட்டுவிட்டு வந்தேன். பஸ் நிறுத்தாமல் போய்விட்டான். பேப்பர் போட்டு முடிக்க நேரமாகிவிட்டது. சும்மா தூங்கிவிட்டேன் என்பதும் உண்டு, அதையும் மறைக்காமல் சொல்கிறானே என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று, இதை எழுதவே கை கூசுகிறது. "படிக்கலைன்னா உங்கப்பன் மாதிரி மாடு மேய்க்கத்தான் போகணும்." நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறோம். ஆனால் அந்த வகுப்பில் மாடு வைத்துப் பிழைக்கிற வீட்டுப் பிள்ளைகள் நாலு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், அன்று காலையில் அந்த மாட்டில் பால் கறந்துவிட்டு வந்தவளும் அதில் ஒருத்தி. மூட்டை தூக்குவது, கக்கூஸ் கழுவுவது, டீக்கடை வேலை என்று எந்த வேலையையும் பயமுறுத்தலுக்குப் பயன்படுத்தாதீர்கள். அவளைத் திட்டினால் அவளோடு முடிந்துவிடும், அவள் அப்பாவை மட்டமாகப் பேசினால் அவள் உங்களை மன்னிக்க மாட்டாள், மன்னிக்க வேண்டிய அவசியமும் அவளுக்கு இல்லை.

துடைப்பம் யார் கையில்

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனைக் கூடப் படித்த பையன்களே சாதி வெறியில் வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதற்குப் பிறகு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் சாதிக் கயிறு கட்டி வருவதைத் தடுக்க வேண்டும், ஆசிரியர்கள் பிள்ளைகளின் சாதியை நேராகவோ சுற்றிவளைத்தோ வகுப்பில் பேசக் கூடாது என்றெல்லாம் அதில் பரிந்துரைகள் இருக்கின்றன. அறிக்கை எப்படிப் போனால் என்ன, உங்கள் வகுப்பறையில் நாளைக்கே நிறுத்தக்கூடியவை சில உண்டு.

ஸ்காலர்ஷிப் ஃபார்ம் வந்தால் "எஸ்.சி. பசங்க எல்லாம் எழுந்து நில்லுங்க" என்று சொல்கிற வேலை. ஒரே ஒரு தடவை அப்படிச் சொன்னால் போதும், அதுவரை யாருக்கும் தெரியாதது எல்லாருக்கும் தெரிந்துவிடும். பட்டியல் உங்கள் கையில்தானே இருக்கிறது, மதியம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.

வகுப்பைக் கூட்டுவது, தண்ணீர்க் குடம் தூக்குவது, பெஞ்ச் நகர்த்துவது. இதற்கெல்லாம் நாம் வழக்கமாக யாரைக் கூப்பிடுகிறோம் என்று ஒரு மாதம் குறித்து வைத்துப் பாருங்கள், அந்தத் தாள் நிறையச் சொல்லும். கழிப்பறை கழுவப் பிள்ளைகளை அனுப்பவே கூடாது, அதில் பேச்சே இல்லை. வகுப்பைக் கூட்டுவதற்கு நான் மகிழ் முற்றம் குழுக்களை வைத்துக்கொண்டேன். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று பள்ளியில் ஏற்கெனவே ஐந்து குழு இருக்கிறது, நாளுக்கு ஒரு குழு, ஆணும் பெண்ணும் சேர்ந்துதான். பாலைக்கு வெள்ளிக்கிழமை, வாரக் குப்பை எல்லாம் எங்கள் தலையில்தான் என்று அவர்களுக்கு ஒரு குறை, அதனால் மாதா மாதம் நாளை மாற்றுகிறோம். முதல் தடவை துடைப்பத்தை நான் எடுத்தேன். "டீச்சர் குடுங்க, குடுங்க" என்று ஓடி வந்தவர்கள் எல்லாம் பெண் பிள்ளைகள். பசங்களில் ஒருத்தன் எழுந்து வரும் வரைக்கும் கொடுக்கவில்லை, முக்கால் வகுப்பு கூட்டி முடித்துவிட்டேன்.

உட்காரும் இடத்தையும் பதினைந்து நாளுக்கு ஒரு முறை மாற்றுங்கள். 2025 ஜூலையில் ப வடிவத்தில் உட்கார வையுங்கள் என்று ஒரு சுற்றறிக்கை வந்ததே, கழுத்து வலிக்கும், போர்டு தெரியாது என்று ஆளாளுக்குப் பேசி அதை அப்புறம் நிறுத்தியும் வைத்தார்கள். ப வேண்டுமோ வேண்டாமோ, கடைசி பெஞ்ச் என்பது ஒருவனுக்கு நிரந்தர விலாசம் ஆகாமல் பார்த்துக்கொண்டால் போதும். கண் சரியாகத் தெரியாதவர்களுக்கு மட்டும் முன் வரிசை எப்போதும் உண்டு.

தெரியலை டீச்சர்

மேரி பட் ரோ என்று அமெரிக்காவில் ஒரு கல்வியாளர் 1970களில் அறிவியல் வகுப்புகளைப் பதிவு செய்து கேட்டுப் பார்த்தார். ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு விநாடிதான் இருந்தது. அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டிக்கச் சொன்னபோது பதில்கள் நீளமாயின, வழக்கமாக வாயே திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று விநாடி என்றால் ஒன்றுமே இல்லை என்று நினைப்போம். வகுப்பில் நின்று பாருங்கள், அது ஒரு யுகம். மனதுக்குள் "ஒன்று, ரெண்டு, மூணு" என்று எண்ணிக்கொள்ளுங்கள். முதலில் கை தூக்குகிறவளையே ஒவ்வொரு தடவையும் கேட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டால் மீதிப் பேருக்கு யோசிக்க வேண்டிய தேவையே இல்லை.

"தெரியலை டீச்சர்" என்றால் நிற்க வைக்காதீர்கள். சரி, நான் இன்னொருவரைக் கேட்கிறேன், திரும்ப உன்னிடம் வருவேன் என்று சொல்லிவிட்டு, கண்டிப்பாகத் திரும்பி வாருங்கள். பக்கத்தில் ஒருவன் சொன்ன பதிலையே அவன் சொன்னாலும் பரவாயில்லை, அவன் வாயால் வந்துவிட்டது அல்லவா. தப்பான பதிலுக்கு யாராவது சிரித்தால், பாடத்தை அங்கேயே நிறுத்திவிடுவேன். திட்ட மாட்டேன். சிரித்தவரிடம், "அவன் ஏன் அப்படி நினைச்சிருப்பான், சொல்லு பார்ப்போம்" என்று கேட்பேன். பல சமயம் சிரித்தவருக்கும் பதில் தெரிந்திருக்காது. ஒளிச்சேர்க்கை ராத்திரியிலும் நடக்கும் என்று ஒருவன் சொன்னதைப் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறோம், அந்த வருடம் அந்தப் பாடத்தில் யாருமே சறுக்கவில்லை.

விடைத்தாள் கொடுப்பது பற்றி ஒரு வரி. குறைந்த மார்க்கிலிருந்து ஆரம்பித்து சத்தமாகப் படித்துக் கொடுக்கிற வழக்கம் இன்னும் இருக்கிறது, அதை எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தாரோ. தாளைக் கவிழ்த்துக் கையில் கொடுங்கள், போதும்.

எதிர்த்துப் பேசினால்

இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பு, முதல் பீரியட். ரெக்கார்ட் நோட்டைக் கேட்டேன். "இல்ல" என்றான். ஏன் இல்லை என்றேன். "எழுதல. இப்ப என்னங்கறீங்க?" நோட்டை எடுத்து பெஞ்ச் மேல் சத்தமாகப் போட்டான். வகுப்பில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. எல்லோரும் அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள்.

பத்து வருடத்துக்கு முன்னால் என்றால் வெளியே போ என்று கத்தியிருப்பேன், அவன் போக மாட்டேன் என்றிருப்பான், அதற்கு மேல் எனக்கும் போக வழியில்லை, அவனுக்கும் வழியில்லை. அன்றைக்கு, குரலைத் தாழ்த்தி, "சரி உட்காரு, பெல் அடிச்சதும் பேசுவோம்" என்று சொல்லிவிட்டு உடனே போர்டு பக்கம் திரும்பிவிட்டேன். திரும்புவது முக்கியம். முறைத்தபடி நின்றால் நாற்பது பேர் முன்னால் அவன் ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று ஆகிவிடும், பதினான்கு வயதில் மானம் எவ்வளவு பெரியது என்று நமக்கே ஞாபகம் இருக்குமே. முதுகு தெரிந்தால் அவன் சத்தமில்லாமல் உட்கார்ந்துகொள்ளலாம். உட்கார்ந்தான். கை நடுங்கியது எனக்குத்தான், அன்று நான் எழுதிய சமன்பாடு கோணலாகப் போனதை யாரும் சொல்லவில்லை.

பெல் அடித்ததும் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் கூட்டிப் போனேன். எதிரே நிற்காமல் பக்கத்தில் நின்றேன், ரெண்டு பேரும் மைதானத்தைப் பார்த்தபடி. "ஏன் எழுதல" என்று மறுபடி கேட்டால் ஒரு பொய் வரும். "என்னாச்சு?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் மெதுவாக வந்தது: அம்மாவுக்குக் கம்பெனியில் நைட் ஷிப்ட், தங்கைக்குக் காய்ச்சல், ராத்திரி முழுக்க இவன்தான் பார்த்திருக்கிறான், காலையில் எதுவும் சாப்பிடவில்லை. காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. பெரிய பிள்ளைகள் முதல் பீரியடில் சிடுசிடுப்பதற்குப் பல நேரம் காரணம் வயிறுதான், மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் அதே பையன் வேறு ஆளாக இருப்பான்.

பன் வாங்கிக் கொடுத்தேன். ஆனால் ரெக்கார்டை விட்டுக்கொடுக்கவில்லை, வெள்ளிக்கிழமைக்குள் வர வேண்டும் என்றேன். "நீ சொன்ன விதம் எனக்கு சங்கடமா இருந்துச்சு" என்பதையும் சொன்னேன், அதையும் சொல்லத்தான் வேண்டும். அவன் சாரி சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை, கேட்டு வாங்குகிற சாரிக்கு மதிப்பு கிடையாது. அடுத்த நாள் ஒன்றுமே நடக்காத மாதிரி அவனைக் கேள்வி கேட்டேன், பழைய கணக்கைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குள் போகவில்லை. ரெக்கார்ட் வெள்ளிக்கிழமை வரவில்லை, திங்கட்கிழமைதான் வந்தது. வாங்கிக்கொண்டேன்.

அடிப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன், ஆனால் ஆசிரியர்கள் அறையில் இன்னும் "அடியாத மாடு படியாது" ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன ரீதியாகத் துன்புறுத்துவதையும் சேர்த்தே தடை செய்திருக்கிறது, 2010 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. முட்டி போட வைப்பதும் வெயிலில் நிற்க வைப்பதும் கணக்கில் வரும். பெற்றவர்களே வந்து "கண்ணை மட்டும் உட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க டீச்சர்" என்பார்கள். "தோலை உரிச்சா நான்தானுங்க ஜெயிலுக்குப் போகணும், நீங்க ராத்திரி பத்து நிமிஷம் அவன் பக்கத்துல உட்காருங்க, அது போதும்" என்பேன். சிரித்துக்கொண்டே போவார்கள், சிலர் உட்காரவும் செய்கிறார்கள்.

வகுப்பிலேயே ரொம்பக் கஷ்டமான பிள்ளை என்று யாரை நினைக்கிறீர்களோ, அந்தப் பிள்ளையோடு தினமும் ரெண்டு நிமிடம், பத்து நாள் விடாமல் பேசிப் பாருங்கள். வெளிநாட்டு ஆசிரியர்கள் "இரண்டுக்குப் பத்து" என்று இதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். படிப்பைப் பற்றிப் பேசக் கூடாது, அதுதான் நிபந்தனை. நான் இப்படிப் பேசிய ஒருவன் புறா வளர்க்கிறவன். முதல் மூன்று நாள் "ம்", "இல்ல" தவிர எதுவும் வரவில்லை. நாலாம் நாள் சாதாப் புறாவுக்கும் ஹோமருக்கும் என்ன வித்தியாசம் என்று தெரியாமல் கேட்டுவிட்டேன், டீச்சருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று அவனுக்கு என் மேல் இரக்கமே வந்துவிட்டது. பறவைகளின் தகவமைப்பு நடத்தும்போது முன்னால் வந்து அவன்தான் சிறகைப் பற்றிச் சொன்னான். அதற்காக அவன் மார்க் எகிறிவிடவில்லை. வகுப்பைக் கலைப்பதை மட்டும் விட்டுவிட்டான்.

வீட்டுக்கு போன்

பள்ளியிலிருந்து போன் வந்தாலே நம் பெற்றோருக்கு வயிற்றைக் கலக்கும். முதல் போன் நல்ல செய்தியாக இருக்கட்டும். லோடு ஏற்றுகிற ஒரு அப்பாவுக்குப் போட்டேன். எடுத்ததும், "என்னங்க டீச்சர், என்ன பண்ணுனான்?" என்றார், பின்னால் லாரிச் சத்தம். "ஒண்ணும் பண்ணலீங்க. இன்னிக்கு வெங்காயத் தோலை அவன்தான் மைக்ரோஸ்கோப்ல முதல்ல சரியா வச்சான், அதைச் சொல்லலாம்னு." கொஞ்ச நேரம் பதிலே இல்லை. "அவ்வளவுதானுங்களா?" அவ்வளவுதான் என்றேன். அதற்கப்புறம் எந்தப் பெற்றோர் கூட்டத்துக்கும் அவர் வராமல் இருந்ததில்லை. வாரத்துக்கு ரெண்டு போன் போட்டாலே வருடத்துக்குள் எல்லா வீட்டுக்கும் போய்விடலாம்.

ஒரு எல்லையும் வேண்டும். நெருக்கம் என்பதற்காகப் பிள்ளைகளோடு ராத்திரி வாட்ஸ்அப்பில் தனியாகப் பேசுவது வேண்டாம். வீட்டிலோ வெளியிலோ யாரோ தொந்தரவு செய்கிறார்கள் என்று ஒரு பிள்ளை சொன்னால், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்துவிடாதீர்கள், உங்களால் காப்பாற்ற முடியாது, காப்பாற்றவும் கூடாது. உனக்கு உதவக்கூடியவர்களிடம் மட்டும் சொல்வேன் என்று சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417, இந்த ரெண்டு நம்பரும் உங்கள் வகுப்புச் சுவரில் பிள்ளைகள் கண் மட்டத்தில் இருக்க வேண்டும். அதைப் பார்க்கத் தலைமையாசிரியர் அறைக்குப் போக வேண்டியிருந்தால் யார் போவார்கள்?

தப்பு நம்முடையது என்றால்

லீவு போட்டிருந்த அந்தப் பையன் மறுநாள் வந்தான். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன், அதுதான் எனக்குச் சுலபம். ஆனால் அவனைப் பேசினது எல்லோர் முன்னாலும், அதனால் எல்லோர் முன்னாலும்தான் சொன்னேன்: நேற்று நீ இல்லாதபோது விசாரிக்காமல் உன் பெயரைச் சொல்லித் திட்டிவிட்டேன், அது என் தப்பு. அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, டெஸ்க்கைப் பார்த்துக்கொண்டே "பரவால்ல டீச்சர்" என்றான். மன்னிப்புக் கேட்டால் ஏறி மேய்ந்துவிடுவார்கள் என்று சீனியர் ஒருவர் எச்சரித்தார். இத்தனை வருடத்தில் அப்படி யாரும் மேயவில்லை.

அதிலிருந்து வருடா வருடம் மார்ச்சில், பரீட்சைக்கு முன்னால், பிள்ளைகளிடம் பெயர் போடாமல் துண்டுச் சீட்டில் எழுதித் தரச் சொல்கிறேன்: இந்த வருடம் நான் நியாயமில்லாமல் நடந்துகொண்ட ஒரு சமயம். கையெழுத்தைக் கண்டுபிடிக்கப் பார்க்க மாட்டேன் என்று சொல்லித்தான் வாங்குவேன், சத்தியமாக அது கஷ்டம். என் குரலைப் பற்றி வரும், சிலரை மட்டும் கடைக்கு அனுப்புகிறேன் என்று வரும், நன்றி டீச்சர் என்று கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமலும் வரும். போன வருடம் ஏழெட்டுச் சீட்டில் ஒரே விஷயம், பேசி வைத்து எழுதினார்களோ என்னவோ: "போர்ஷன் முடிக்கணும்னு எங்க பி.டி. பீரியட் மூணு எடுத்தீங்க, திருப்பித் தரேன்னு சொன்னீங்க."

உண்மைதான். டைரியைப் பார்த்தேன், மூன்றும் இருந்தது. பரீட்சைக்கு முன்னால் ரெண்டைக் கொடுத்துவிட்டேன். ஒன்று இன்னும் பாக்கி, இப்போது பத்தாம் வகுப்பில் இருக்கிறார்கள், வராந்தாவில் பார்க்கும்போதெல்லாம் ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டுகிறார்கள்.